விஜயம்மா வகை ஒரு வோட்டு

ஃப்ரீசர் பெட்டியோடு வந்தவன் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு ஹாலின் நாலு சுவரையும் பார்த்தான். "எக்ஸ்டென்ஷன்ல குத்தப்பிடாது, சுவர்ல உள்ள பாயிண்ட்தான் வேணும்" என்றான். ஹாலில் இருந்ததே ஒரு பாயிண்ட். அதில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. மணி ஏழே முக்கால். எட்டு மணிக்குப் பஞ்சாயத்துத் தேர்தலின் வோட்டெண்ணல் தொடங்கும்.

கிருஷ்ணன்குட்டி ரிமோட்டைப் பிடித்தபடி பெட்டியையும் டி.வி.யையும் மாறி மாறிப் பார்த்தார். பெட்டிக்குள் இருந்தது நாற்பத்திரண்டு வருடம் கூட வாழ்ந்த மனைவி விஜயம்மா. டி.வி.யில் வரப்போவது அதைவிடவும் கூடுதல் வருடம் அவர் உழைத்த கட்சியின் நிலவரம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்களும் நானும் சொல்லிவிடலாம். அவர் யோசித்தார். கடைசியில் மருமகள் ஜிஜாதான் போய் டி.வி. பிளக்கைப் பிடுங்கினாள்.

மாமி இருந்திருந்தால் இதற்கும் ஒரு கருத்து சொல்லியிருப்பாள் என்று ஜிஜாவுக்குத் தோன்றியது. கருத்து இல்லாத பொருள் மாமியிடம் கிடையாது. துவைத்து முடித்ததும் வாஷிங் மெஷின் ஒரு பாட்டுப் பாடும். "ரெண்டு சட்டை துவைச்சதுக்கு இவனுக்குப் பாட்டு. நான் முப்பது வருசம் கல்லுல அடிச்சேன், ஒரு பாட்டு மூளினது உண்டா" என்பாள். செய்திச் சேனல்களில் மலையாளமும் பார்ப்பாள், தமிழும் பார்ப்பாள். மழை வந்தால் அதில் கொச்சி முங்கும், இதில் சென்னை முங்கும், எல்லையில் கிடக்கும் நம்ம பாறசாலை முங்கினால் ரெண்டு பேருக்கும் தெரியாது என்பது அவளுடைய கண்டுபிடிப்பு. மகன் ரெஜித் வாங்கிக்கொடுத்த போனில், ஃபேஸ்புக்கைத் திறந்ததும் என்ன நினைக்கிறீர்கள் என்று தினமும் காலையில் ஒரு கேள்வி வரும். கேட்டவனுக்குப் பதில் சொல்லாமல் விடுவது மரியாதை இல்லை என்று, போனைப் பார்த்து வாயாலேயே சொல்லிமுடிப்பாள். "இவனாவது கேக்குதான். இந்த வீட்டுல ஆராவது கேட்டதுண்டா" என்று அதோடு சேர்த்துக்கொள்வாள்.

மாமாவுக்கும் கருத்துகள் உண்டு. அவை மேலிடத்திலிருந்து வரும். மாமி பேசத் தொடங்கினால் அவர் டி.வி. சத்தத்தைக் கூட்டுவார், இல்லையென்றால் சட்டையைப் போட்டுக்கொண்டு கட்சி ஆபீசுக்குப் போவார். கெட்ட மனிதர் இல்லை. ஊரில் யாருக்கு ரேஷன் கார்டு, யாருக்குப் பென்ஷன் என்றாலும் அலைகிறவர். வீட்டில் மட்டும் காது கேட்காது.

மாமி இறந்தது நேற்று மத்தியானம் மூன்று மணிக்கு. டி.வி.யில் ஒருவர் மேசையைத் தட்டி, யார் ஜெயிப்பார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். "இந்தாளு இருக்கானே, இவன் போன தடவை சொன்னதும் இதே பொய்யாக்கும், இவனுக்க..." என்று தொடங்கிய மாமி முடிக்கவில்லை. ஒரு கருத்தை அவள் பாதியில் விட்டது அது ஒன்றுதான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே போய்விட்டிருந்தாள். ராத்திரி உடலை அங்கேயே வைத்திருந்தார்கள். காட்டாக்கடையிலிருந்து வந்த மாமியின் தங்கை சௌதாமினி, "கடைசியா என்ன சொன்னா? பகவானைக் கூப்பிட்டாளா?" என்று கேட்டபோது, "தண்ணி கேட்டாவ" என்று ஜிஜா சொன்னாள். அந்தப் பொய் கொஞ்சமும் சிரமம் இல்லாமல் வந்தது.

சிரமமானது வேறொன்று.

செவ்வாய்க்கிழமை வோட்டு. மாமிக்கு இரண்டு கண்ணிலும் திரை விழுந்திருந்தது, கிட்டே பிடித்தால்தான் எதுவும் தெரியும். ஆபரேஷனைத் தேர்தல் முடியட்டும் என்று தள்ளிவைத்தது அவள்தான். கண் தெரியாதவர்கள் தங்களோடு ஒரு ஆளைக் கூட்டிப்போய்க் குத்தச் சொல்லலாம். மாமாதான் கூடப் போகத் தயாராக நின்றார். மாமி பூத்து வாசலில் வைத்து, "இவிய வராண்டாம். ஜிஜா வந்தாப் போதும்" என்றாள். மாமா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யார் குத்தினால் என்ன, வோட்டு நம்முடையதுதானே.

ரகசியத்தைக் காப்பேன் என்று ஒரு தாளில் ஜிஜா கையெழுத்துப் போட்டாள். காலையில் தன் வோட்டுக்கு இடது கையில் மை வாங்கியிருந்தாள். இப்போது மாமிக்காக வலது சுட்டுவிரலிலும் வைத்தார்கள். உள்ளே மூன்று மெஷின்கள், ஜில்லாவுக்கு, பிளாக்குக்கு, ஊர் வார்டுக்கு. முதல் இரண்டுக்கும் மாமி, "அவிய கட்சிக்கே குத்து, பாவம்" என்று காதில் சொன்னாள். வார்டு மெஷின் வந்ததும், "இதுல பொன்னப்பனுக்குக் குத்து" என்றாள்.

பொன்னப்பன் எதிர்க்கட்சி. மாமாவின் கட்சியில் நின்றது மினி. மினிக்காக மாமா இரண்டு மாதம் வெயில் பார்க்காமல் நடந்திருந்தார்.

"மாமி, அது வந்து..." என்று ஜிஜா இழுத்தாள்.

"குத்து மக்களே. எனக்கு மங்கினது கண்ணாக்கும், புத்தி இல்ல."

ஜிஜா குத்தினாள். மெஷின் நீளமாகக் கூவியது. வீட்டுக்கு வரும் வழியில் மாமி காரணத்தையும் சொன்னாள். "மினி நல்ல பிள்ளைதான். வந்தா, நான் வாயைத் தொறந்ததும் போனைப் பாத்தா, என்னைச் சேத்து நிறுத்தி ஒரு செல்ஃபி எடுத்தா, போனா. பொன்னப்பன் நாப்பது நிமிசம் நிண்ணான். நான் சொன்னதை முழுசும் கேட்டான். போனை ஒருக்கா எடுக்கல்ல."

"மாமாவுக்குத் தெரிஞ்சா?"

"கேட்டா சொல்லிரு. ஒளிக்காண்டாம்." கொஞ்ச தூரம் நடந்தபிறகு, "அவிய கேக்கமாட்டாவ" என்றாள். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

டி.வி. அணைந்ததால் துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைகள் குனிந்தே இருந்ததால் தூரத்திலிருந்து பார்க்க மரியாதையாகத்தான் இருந்தது. பெண்கள் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். அழுகைக்கு நடுவே, "பிளாக்குல ஆரு லீடு?" என்று ஒருத்தி கேட்டாள். ஒன்பதே காலுக்கு முற்றத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. ரெஜித் போனை நீட்டிக்கொண்டு அப்பாவிடம் போனான். பொன்னப்பன் நானூற்றுப் பன்னிரண்டு. மினி நானூற்றுப் பதினொன்று.

திரும்ப எண்ணச் சொல்லியிருக்கிறார்கள் என்றார்கள். திரும்பவும் அதே கணக்குத்தான் வந்தது.

ஜிஜா அடுக்களைக்குப் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டாள். அவளுக்குப் பயமாக இருந்தது, சிரிப்பும் வந்தது, சிரிப்பு வந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. மாமி ஆயுள் முழுக்க எத்தனையோ கருத்து சொல்லியிருக்கிறாள். அதில் அரசாங்கம் எடுத்து எண்ணியது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றும் ஜெயித்துவிட்டது. ஜெயித்ததை அறிய ஆள் இல்லை.

முற்றத்தில் கட்சியின் லோக்கல் செக்ரட்டரி சுவாமிதாஸ் வோட்டர் லிஸ்டை மடியில் விரித்து உட்கார்ந்துவிட்டார். துக்கவீடாயிற்றே என்று குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டார். அந்த லிஸ்ட் மாமா தயாரித்தது. நம்முடைய வோட்டுக்கு ஒரு கோடு, எதிரிக்குப் பெருக்கல் குறி, ஆடிக்கொண்டிருப்பவர்களுக்குக் கேள்விக்குறி. இருபத்திமூன்று வோட்டில் ஜெயிப்போம் என்று மாமா எழுதிக்கொடுத்திருந்தார். வீடு வீடாகப் போய், பேசி, காப்பி குடித்து, முகம் பார்த்துப் போட்ட குறிகள்.

"நமக்க ஆளுவள்லதான் எவனோ கைவிட்டிருக்கான்" என்றார் சுவாமிதாஸ். "ஒவ்வொரு பேரா பாப்போம். ஆளைக் கண்டுபிடிக்காம விடப்பிடாது."

பேர் வாசிப்பு தொடங்கியது. இவன் மச்சினன் எதிர்க்கட்சி, இவள் மகனுக்கு வேலை கிடைக்கவில்லை, இவன் அன்றைக்குக் குடித்திருந்தான் என்று ஒவ்வொருவரும் குற்றவாளிக்கூண்டில் ஏறி இறங்கினார்கள். அதில் பாதிப்பேர் அந்த முற்றத்திலேயே நின்றார்கள். தன் பேர் வரும்போது ஒருவர் எழுந்துபோய் பெட்டி அருகே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"முந்நூத்திப் பதினெட்டு. விஜயம்மா" என்று வாசித்த சுவாமிதாஸ் சட்டென்று நிறுத்தினார். "இது நம்ம வோட்டு. விடு."

கோடு போட்டிருந்தது. அடுத்த பேருக்குப் போய்விட்டார்கள். மாமா போகவில்லை. இருநூற்றுச் சொச்சம் வீடு ஏறியவர் இந்தக் குறியை மட்டும் வீட்டில் உட்கார்ந்தபடி, யாரையும் கேட்காமல் போட்டிருந்தார். அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த ஜிஜாவுக்கு அவர் எழுந்திருப்பது தெரிந்தது.

அவர் தண்ணீர் கேட்டு வந்தார். டம்ளரை நீட்டிய அவள் வலது கைவிரலில் மை அப்படியே இருந்தது. அதைப் பார்த்தபடி நின்றார்.

"மக்களே, ஒரு காரியம் கேக்கணும்."

அவர் டம்ளரை வாங்கியதும் ஜிஜா மை வைத்த விரலை மடக்கிக்கொண்டாள்.

"கையெழுத்துப் போட்டுட்டு போன காரியமாக்கும். நீ சொல்லாண்டாம்ணா சொல்லாண்டாம்." அவர் முற்றத்துப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "அவ ஆருக்குக் குத்தச் சொன்னா?"

நம்ம கட்சிக்கு மாமா என்றால் முடிந்தது. மனிதர் இன்றைக்கு ஒரு வாய் கஞ்சியாவது குடிப்பார். சௌதாமினியிடம் சொன்ன பொய்யைவிட இது சின்னது. ஆனால் அப்படிச் சொன்னால் மாமி சொன்னதில் எண்ணப்பட்ட ஒரே கருத்தை, அவளைப் பெட்டியில் வைத்துக்கொண்டே தான் அழிப்பதாகும். அவர் கேட்கமாட்டார் என்று மாமி சொன்னாள். அவர் கேட்டுவிட்டார்.

"பொன்னப்பனுக்கு, மாமா."

வெளியே சுவாமிதாஸ் முந்நூற்று நாற்பதைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

"மற்ற ரெண்டும்?"

"நம்ம கட்சிக்குத்தான். அவிய கட்சிக்கே குத்து, பாவம்ணு சொன்னாவ."

"பாவம்ணா சொன்னா?"

"ஆமா."

அவர் முகத்தில் சிரிப்புபோல ஒன்று வந்து நிற்காமல் போனது. "பொன்னப்பனுக்கு என்னத்துக்கு? அவன் என்ன செய்தான் அவளுக்கு?"

"ஒண்ணும் செய்யல்ல மாமா. வோட்டு கேட்டு வந்தப்பம் நாப்பது நிமிசம் நிண்ணு மாமி பேசினதைக் கேட்டானாம்."

"நாப்பது நிமிசமா?" அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. "நாப்பது நிமிசம் பேசுததுக்கு அவகிட்ட என்ன இருந்து?"

ஜிஜாவுக்கு அந்த நேரத்தில் அவர்மேல் கோபம் வந்தது. அவரைப் போல இரக்கத்துக்குரிய மனிதர் யாருமில்லை என்றும் பட்டது. "எனக்குத் தெரியாது மாமா. நான் அப்பம் கடைக்குப் போயிருந்தேன்."

அவர் தண்ணீரைக் குடிக்காமல் திண்டில் வைத்தார். நேற்று மூன்று மணியிலிருந்து அழாத மனிதர் அடுக்களையில் நின்று அழுதார். அவளுக்காகவா, தோற்றதற்காகவா என்று ஜிஜாவால் பிரிக்க முடியவில்லை. அவருக்கும் முடிந்திருக்காது.

திரும்ப முற்றத்துக்குப் போனவர் சுவாமிதாஸின் மடியிலிருந்து லிஸ்டை எடுத்து மடக்கினார். "போதும். தேடாண்டாம்."

"ஆளு ஆருண்ணு தெரியாண்டாமா அண்ணா?"

"தெரியாண்டாம்."

பதினொன்றரைக்குப் பொன்னப்பன் வந்தான். வெற்றி ஊர்வலத்தின் கொட்டுமேளமும் ஜீப்பும் தெருமுக்கிலேயே நின்றுவிட்டன. மாலையைக் கழற்றி, முகத்தைக் கழுவி, தனியாக நடந்து வந்தான். ஒரு காதில் மட்டும் பச்சைப் பொடி போகாமல் ஒட்டியிருந்தது. சுவாமிதாஸ் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். பொன்னப்பன் உள்ளே போய் பெட்டிக்கு முன்னால் கை கட்டி நின்றான். வெளியே வந்து மாமாவின் முன்னால் நின்றபோது ஜெயித்தவன் மாதிரியே இல்லை.

"அண்ணா, அக்கா போனது நேத்தே கேட்டேன். எண்ணல் இருந்ததால..."

"இரி" என்றார் மாமா.

"இல்லண்ணா, நான் நிண்ணுட்டு..."

மாமா எழுந்துபோய் ஒரு நாற்காலியைத் தானே தூக்கிவந்து தன் நாற்காலிக்கு எதிரே போட்டார். பொன்னப்பன் நுனியில் உட்கார்ந்தான். அடிதடி வரும் என்று எதிர்பார்த்து ரெஜித் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான்.

"நீ வோட்டு கேட்டு வந்தப்பம் அவ உன்னட்ட நாப்பது நிமிசம் பேசினாளாமே."

பொன்னப்பன் முழித்தான். "ஆமாண்ணா. அக்கா சும்மா, பலதும்..."

"என்ன சொன்னா? முதல்ல இருந்து சொல்லு."

"முதல்ல இருந்தா?"

"ஒண்ணும் விடாண்டாம்."

பொன்னப்பன் சுற்றிலும் பார்த்தான். காப்பாற்ற யாருமில்லை. "முதல்ல அக்கா, ஒனக்க நோட்டீஸ்ல உள்ள போட்டோவுல நீ மாப்பிள்ளை மாதிரி இருக்கே, இதை நம்பி வோட்டுப் போட்டா பிறவு நேர்ல நீ வந்து நிக்குத, இது ஏமாத்தாக்கும்ணு சொன்னா."

மாமாவின் சட்டைப்பையில் போன் அடித்தது. கட்சி ஆபீசாக இருக்கும். எடுத்துப் பார்க்காமல் அமர்த்தினார். "ம்" என்றார்.

"பிறவு பாலம் கட்டுதது பத்தி. ஆறு இல்லாத இடத்துல பாலம் கட்டுதவன், ஆத்துல ரோடு போடுவான்ணு."

"ம்."

"பிறவு..." பொன்னப்பன் தயங்கினான். "உங்களைப் பத்திக் கொஞ்சம் உண்டு அண்ணா. அது ஆண்டாம்."

"அதையும் சொல்லு."

வீட்டின் தெற்குப் பக்கத் தோட்டத்தில் சிதைக்கு விறகு அடுக்கி முடிந்துவிட்டது. எடுக்க நேரமாகிறது என்று சொல்ல சுவாமிதாஸ் வந்து தோளைத் தொட்டார். மாமா திரும்பவில்லை.

"இருங்க. அவ இன்னும் முடிக்கல்ல" என்றவர், நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "ம்" என்றார்.