வாய்மொழித் தேர்வுக்கு ஒரு நோயாளி

ஜெர்மன் வகுப்பில் நான்காவது மாதம். இனி புத்தகத்தை உருப்போட்டுப் பயனில்லை, வாய்விட்டுப் பேசிப் பழக வேண்டும் என்று ஆசிரியை சொல்லிவிட்டார். "வீட்டுல யாரையாவது நோயாளியா படுக்க வைங்க. சுவத்தைப் பாத்துப் பேசினா சுவரு பதில் சொல்லாது."

அவள் பதினோரு வருடமாக அறுவை சிகிச்சை வார்டில் நர்ஸ். தேர்வில் தேறினால் வேலை தருவதாக அந்த நாட்டு மருத்துவமனை ஒன்று எழுதியிருந்தது. ஒரு வருடம் கழித்துக் குடும்பத்தையும் அழைத்துக்கொள்ளலாம். வீட்டில் நோயாளியாகப் படுக்க மூன்று பேர் இருந்தார்கள். இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் எதைக் கேட்டாலும் சிரித்தாள். மாமியார், "எனக்கு நம்ம பாஷையே பாதிதான் காதுல விழுது" என்று ஒதுங்கிக்கொண்டார். மிச்சம் இருந்தவர் கணவர். லிஃப்ட் மெக்கானிக்.

"படுத்துக்கிட்டே பாக்கிற உத்தியோகமா? நான் தயார்," என்றார்.

தினமும் மாலை அவர் வேலையிலிருந்து வந்து, கையில் இருக்கும் கிரீஸைக் கழுவிக்கொண்டு கட்டிலில் சாய்வார். அவள் கதவைத் தட்டிவிட்டு நோட்டுடன் உள்ளே வருவாள். வணக்கம் சொல்லி, தன்னை அறிமுகம் செய்துகொண்டு, தலையணையைச் சரிசெய்துவிட்டுக் கேட்பாள்.

"வோ டூட் எஸ் வே?" எங்கே வலிக்கிறது?

"ஹியர்." இங்கே என்று மேல்வயிற்றில் கைவைப்பார்.

"முழுசா சொல்லுங்க."

"வலிக்கிறவன் எவனாவது முழு வாக்கியத்துல பேசுவானா, நர்சம்மா?"

அடுத்தது, ஒன்றிலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்ற கேள்வி. தேர்வில் கட்டாயம் வரும். முதல் வாரம் அவர் "ட்ரை" என்றார். மூன்று. மூன்றாவது வாரம் "ஃப்யூன்ஃப்." ஐந்து. எண்களைக் கற்றுக்கொண்டுவிட்டார் என்று அவள் சந்தோஷப்பட்டாள். ஒருநாள் மட்டும் சலித்துக்கொண்டாள்.

"தினமும் வயிறுதானா? தலைவலி, முழங்கால் வலின்னு மாத்திச் சொல்லுங்களேன்."

"மத்ததெல்லாம் வாயில நுழைய மாட்டேங்குதே!"

தட்டில் பாதிச் சோறு அப்படியே இருப்பதை மாமியார் சொல்லிக் காட்டினார். மதியம் வேலையிடத்தில் யாரோ விருந்து வைத்தார்கள் என்றார் மகன். மறுநாளும் விருந்து. பெல்ட்டில் அவரே டிரில் வைத்துப் புதிதாகத் துளை போட்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

தேர்வுக்கு முந்தின நாள் கேட்டபோது, கண்ணை மூடியபடி "அஹ்ட்" என்றார். எட்டு. நெற்றி வியர்த்திருந்தது.

"இன்னைக்குத்தான் அந்த 'ஹ்' சரியா வந்திருக்கு," என்று அவள் கைதட்டினாள். "தொண்டையிலேருந்து வரணும்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!"

தேர்வு நன்றாகவே நடந்தது. நோயாளியாக நடித்த பெண்மணி முழங்காலைக் காட்டினார். அவள் தடுமாறாமல் பேசினாள். வீடு திரும்பியபோது குளியலறை வாசலில் மாமியார் மகனின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் வாந்தி எடுத்துவிட்டு நிமிர்ந்தார். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுந்தது. கண்களின் வெள்ளை மஞ்சளாக இருந்தது.

அவள் அவருடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். "எத்தனை நாளா?"

"ரெண்டு மாசத்துக்கு மேல. வெறும் வாயுன்னு நினைச்சேன்."

ஸ்கேன் எடுத்த மருத்துவர் அவளோடு பல வருடம் வேலை பார்த்தவர். கணையத்தில் தொடங்கிக் கல்லீரலுக்குப் பரவிவிட்டது என்று, அவள் முகத்தைப் பார்க்காமல் படத்தைப் பார்த்தே சொன்னார்.

அவள் வேலைபார்க்கும் மருத்துவமனையிலேயே அவருக்குப் படுக்கை கிடைத்தது. சீருடையில்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருக்க அவளுக்கு என்னவோ போலிருந்தது.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. தினமும் சொன்னேன்," என்று சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார். "உன்னைக் குத்திக் காட்டல, புள்ள. பொய் சொல்றதுக்கு வார்த்தை தேடணும், உள்ளதைச் சொல்றது சுலபமா இருந்துச்சு. அந்தப் பாஷையில சொன்னா சொன்ன மாதிரியும் இருந்துச்சு, சொல்லாத மாதிரியும் இருந்துச்சு. உன் பரிட்சை முடியட்டும்னு பாத்தேன்."

"பரிட்சை பெருசா?"

அவர் அவள் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஏழு வாரம். தேர்வில் தேறிய கடிதம் வந்தபோது, அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். ஊசி போட வந்த நர்ஸ் பெண்ணிடம், "என் தயவுல பாஸ் பண்ணினவங்க இவங்க" என்றார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவள் பாட்டிலில் வெந்நீர் பிடித்து வருவதற்குள் மூச்சு நின்றிருந்தது. எத்தனையோ பேருக்குக் கண்ணை மூடிவிட்ட கை அவளுடையது. அன்று அது எழவில்லை. மாமியார்தான் மூடினார்.

ஒரு மாதம் போயிற்று. பிறகு ஒருநாள், துணி மடித்துக்கொண்டிருந்த மாமியாரிடம் உடைந்து போனாள்.

"அத்தை, நான் நர்சு. எட்டுன்னாரு. எட்டுன்னா என்னன்னு எனக்குத் தெரியும். நான் கை தட்டினேன், அத்தை."

மாமியார் சட்டை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதன் காலரை நீவினார்.

"நான் தட்டைப் பாத்தேன். பெத்தவ நானு. வயித்தைத் தொட்டுப் பாக்கணும்னு எனக்குத் தோணிச்சா? பழியை நீ ஒருத்தியே சுமக்காத. எனக்கும் அதுல பங்கு இருக்கு." சட்டையை மடித்து அடுக்கில் வைத்தார். "அந்த வேலையை வேணாம்னு எழுதிடாத. புள்ளைய நான் பாத்துக்கறேன்."

வேலையில் சேரும் தேதியை அந்த ஜெர்மன் மருத்துவமனை ஒருமுறை தள்ளிவைத்திருந்தது. சேருவதற்கு முன் அங்குள்ள தலைமை நர்ஸ் கணினி வழியே ஒரு தடவை பேச வேண்டும் என்றார். திரையில் தெரிந்தவர் ஐம்பது வயதுப் பெண்மணி, குட்டை முடி. பணி நேரம், தங்கும் இடம், அனுபவம் என்று எல்லாவற்றுக்கும் அவள் பதில் சொன்னாள். கடைசியில், குடும்பம் எப்போது வந்து சேரும், கணவருக்கு என்ன வேலை என்று அந்த அம்மாள் கேட்டார்.

அன்றாடப் பேச்சுக்கான பாடப் பகுதியில் எனக்குத் திருமணமாகிவிட்டது, எனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்றெல்லாம் இருந்தன. இது இல்லை. அகராதியைப் பார்த்து அவளே முந்தின நாள் கோத்து வைத்திருந்தாள்.

"மைன் மான் இஸ்ட் கெஷ்டோர்பன்." என் கணவர் இறந்துவிட்டார்.

ஒரு பிழையும் இல்லாமல் வந்தது. அந்தப் பெண்மணி பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஏதோ சொன்னார். இரண்டே வார்த்தைகள். புரியவில்லை. அடுத்த கேள்வி என்று நினைத்து, தயவுசெய்து மறுபடி மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேட்டாள். அவர் மறுபடி சொன்னார். அப்போதும் புரியவில்லை. பதில் சொல்ல முடியாமல் போகிறதே என்று அவளுக்கு வியர்த்தது.

"இன்னும் ஒரு தடவை, தயவுசெய்து."

"மைன் பைலைட்," என்றார் அந்த அம்மாள், எழுத்தெழுத்தாக. பிறகு தன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

அவளுக்குப் புரிந்தது. என் அனுதாபம். வார்டில் தானே அத்தனை குடும்பங்களுக்கும் சொன்ன வார்த்தைதான். நன்றி சொல்ல வாயெடுத்தாள். எந்த மொழியிலும் வரவில்லை. திரையின் அந்தப் பக்கம் இருந்தவர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.