சைக்கிளுக்குப் பின்னால் ஓடியது யார்

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவளை எல்லோரும் ‘வெடி’ என்றுதான் கூப்பிடுவார்கள். எடுத்ததற்கெல்லாம் வெடிப்பதால் வந்த பெயர். ஆனால் அந்த வருடம் அவளுக்கு வந்த கோபம் வேறு மாதிரி. வெடிக்க இடமில்லாமல் உள்ளேயே கிடந்து புகைந்தது.

அவள் பிறந்தது இந்த நாட்டில்தான். அப்பா இந்த நாட்டுக் குடிமகன், கடைத்தெருவில் பெரிய மருந்துக்கடை வைத்திருப்பவர். அம்மா பிழைக்க வந்த வெளிநாட்டுக்காரி, ஓட்டல் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுபவள். இருவருக்கும் கல்யாணம் நடக்கவில்லை. மகள் தவழ்வதற்குள் மருந்துக்கடைக்காரர் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டார்.

‘இது என் மகள்’ என்று அவர் அப்போதே ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் குடியுரிமை தானாக வந்திருக்கும். அம்மா கேட்டுக் கேட்டு ஓய்ந்தாள். வீட்டில் பிரச்சினை வரும், அடுத்த மாதம் பார்க்கலாம், இப்போது என்ன அவசரம் என்று தட்டிக்கழித்தே மகளைப் பதினெட்டு வயதைத் தாண்டவைத்தார் அந்த மனிதர்.

தாண்டியதும் அவளுக்கான சட்டம் வேறாகிவிட்டது. இனி அம்மாவின் வேலை அனுமதியில் அவள் ஒட்டிக்கொண்டிருக்க முடியாது. கண்ணால்கூடப் பார்த்திராத அம்மாவின் நாட்டுக்குக் கிளம்பச் சொன்னார்கள். தப்பிக்க ஒரே வழி, அப்பா நேரில் வந்து மகளென்று ஒப்புக்கொள்வது. ரத்தப் பரிசோதனை மட்டும் போதாது, சின்ன வயதில் அவர் தகப்பனாக நடந்துகொண்டார் என்றும் அதிகாரி நம்பவேண்டும் என்றார் வக்கீல். கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை முட்டியது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு நேரே மருந்துக்கடைக்குப் போனாள்.

இருமலுக்கும் காய்ச்சலுக்கும் மருந்து வாங்க நின்றவர்கள் நடுவில் நின்றுகொண்டு, “அப்பா” என்றாள். கடையே திரும்பிப் பார்த்தது. “செவ்வாய்க்கிழமை விசாரணை. வர்றீங்களா, இல்ல இங்கயே நின்னு கேக்கட்டுமா?”

அவர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, முகமெல்லாம் பாசம். மகளைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்ததாகக் கொஞ்சமும் கூசாமல் சொன்னார். எதிரே இருந்த பெண் அதிகாரி இதுபோல் எத்தனையோ பேரைப் பார்த்தவள். குறிப்பாக ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்றாள்.

“சைக்கிள் ஓட்டக் கத்துக்குடுத்தது நான்தான் மேடம். பின்னாடி பிடிச்சுக்கிட்டே ஓடுவேன்.”

சைக்கிளுக்குப் பின்னால் ஓடியது அம்மா. வேலை முடிந்து வந்து, வீங்கிய காலோடு, வார் அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவள்.

“அப்படியாம்மா?” என்று அதிகாரி அவளிடம் கேட்டாள்.

இல்லை என்றால் இந்த ஊரும் வேலையும் அம்மாவும் அன்றோடு சரி. மேசைக்கடியில் விரல்களை நெரித்துக்கொண்டு, “ஆமா மேடம். பிடிச்சுக்கிட்டே ஓடுவாரு” என்றாள்.

வெளியே தாழ்வாரத்தில் அவர் முகம் மலர்ந்து நின்றார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, அப்பா கைவிட்டுவிடுவேனா என்றார். நிஜமாகவே அப்படி நம்பினார்.

“எங்க வீடு எந்த மாடின்னு தெரியுமா உங்களுக்கு?” என்றாள் வெடி. “அம்மா ஓடின ஓட்டத்தை உங்க பேர்ல எழுதிட்டு வந்திருக்கேன்.”

“உனக்காகத்தானே சொன்னேன்.”

அது உண்மை. அதனால்தான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. விடுவிடுவென்று படியிறங்கினாள்.

சலவை அறையின் ஆவிக்கு நடுவே நின்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இத்தனை வருடத்தில் அந்த ஆளைப் பற்றி ஒரு கடுஞ்சொல் சொல்லாத அம்மா இஸ்திரியை நிறுத்தினாள்.

“அதையும் அவனே எடுத்துக்கிட்டானா?” என்றாள்.

அடுத்த விரிப்பை எடுத்துப் போட்டுக்கொண்டே, நீ செய்தது சரிதான் என்றாள். மகள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

குடியுரிமை வந்தது. வந்த கையோடு வெடி, அம்மா இங்கேயே நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு அதே அலுவலகத்துக்குப் போனாள். அதே அதிகாரிதான். பழைய பதிவைப் புரட்டிவிட்டு, உங்களை வளர்த்தது அப்பா என்றல்லவா இருக்கிறது என்றாள். அம்மா பதறிப்போய் மகளின் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தாள்.

“வளர்த்தது இவங்க” என்றாள் வெடி. குரல் அறை முழுக்கக் கேட்டது. “அன்னைக்கு நீங்க அவரைப் பத்தி மட்டும்தான் கேட்டீங்க. இவங்களைப் பத்தி இந்த ஆபீஸ்ல ஒருத்தர்கூடக் கேக்கல. இப்ப கேளுங்க, சொல்றேன்.”

அதிகாரி பழைய பதிவை மூடிவைத்தாள். பிறகு இரண்டு பேரையும் உட்காரச் சொன்னாள்.

இழுத்தடித்துத்தான் கொடுத்தார்கள். ஆனால் அம்மாவுக்கும் அனுமதி கிடைத்தது. தன்னால்தான் மகளுக்கு ஒரு நாடு கிடைத்தது என்று மருந்துக்கடைக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வதாகக் கேள்வி. அந்தக் கடைத்தெருவில் லிஃப்ட் நின்றுபோனால் வெடி போவதில்லை, வேறு ஆளை அனுப்பிவிடுகிறாள்.