முதுகில் செருகிய அரிவாள்

சபிதாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டியில் யாரை ஏற்றுவதானாலும், பிரசவ வலியில் துடிக்கிற பெண்ணானாலும் சரி, பைக்கிலிருந்து விழுந்த கல்லூரிப் பையனானாலும் சரி, உள்ளங்கையை விரித்து கழுத்திலிருந்து கால் வரைக்கும் ஒரு தடவை தடவிப் பார்த்துவிடுவாள். சட்டைப் பைக்குள் மட்டும் விரலை விடமாட்டாள். உள்ளே பிளேடு இருக்கிறதோ ஊசி இருக்கிறதோ, யார் கண்டது? விரித்த கைக்கு எல்லாம் தெரிந்துவிடும் என்பது அவள் கட்சி. நூற்றெட்டு ஆம்புலன்ஸை ஓட்டுகிற டெல்வினுக்கு இது பெரிய வேடிக்கை. "அக்கா ஆசீர்வாதம் குடுத்துட்டாவ, இனி ஏத்தலாம்" என்பான். பெரும்பாலும் அகப்படுவது பீடிக்கட்டு, சாவிக்கொத்து, பாதி தின்ற கடலைமிட்டாய். அதனால் அவனுக்குச் சிரிப்பு. சிரிக்கிறவன் சிரிக்கட்டும் என்று அவளும் விட்டுவிடுவாள்.

அரிவாளும் அகப்படும். கரிசல் காட்டில் அரிவாளைப் பார்த்துப் பயந்தால் ஒரு ஆளைக்கூட ஏற்ற முடியாது. கையில் இருக்கும், சைக்கிள் கேரியரில் இருக்கும், வேலிமுள் வெட்டப் போகிறவர் தோளில் தொங்கும். "அத அங்கன வச்சிட்டு ஏறுங்க அண்ணாச்சி" என்றால் வைத்துவிட்டு ஏறிக்கொள்வார்கள். அது வேலைக்கான அரிவாள். ஆனால் சட்டைக்குள்ளே முதுகோடு ஒட்டி, பிடி பின்கழுத்துக்குக் கீழே நிற்கிற மாதிரி ஒருத்தன் செருகியிருந்தால் அவன் முள் வெட்டப் போகவில்லை. எந்த ஊர், எந்த ஆள் என்று முடிவு பண்ணிவிட்டுத்தான் வீட்டை விட்டு இறங்கியிருக்கிறான். இந்த வித்தியாசத்தை இந்தப் பக்கம் பிறந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்றைக்கு கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் ஒரு கேஸை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். புரட்டாசி பிறந்தும் வெயில் குறையாத முற்பகல். நாகலாபுரத்துக்கு ரோடு பிரிகிற விலக்கில் ஒருவர் மயங்கிக் கிடக்கிறார் என்று அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தால், பஸ் நிறுத்தத்து சிமெண்டு பெஞ்சில் ஐம்பத்தைந்து வயசுக்காரர் ஒருவர் ஒருக்களித்துக் கிடந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டன்வரை பூட்டியிருந்தது. உடம்பு வியர்வையில் தெப்பலாக நனைந்திருந்தது. சுற்றி நின்ற பத்துப் பேரில் எட்டுப் பேர் குடி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். விலக்கில் வடைக்கடை போட்டிருக்கும் வள்ளிமயில்தான் போன் செய்தவள்.

"குடிவாடையே இல்ல தாயி. காலைல இருந்து அந்தாக்குல உக்காந்திருந்தாரு. சாயவே இல்ல, வெறச்சாப்புல இருந்தாரு. திடீர்னு சரிஞ்சிட்டாரு" என்றாள்.

சபிதா அவருடைய விரலில் குத்தி, சர்க்கரை பார்த்தாள். எழுபதுக்குக் கீழே இறங்கக் கூடாது. முப்பத்தெட்டு. "சுகருக்கு மாத்திரை போட்டுட்டுச் சாப்பிடாமக் கிளம்பியிருக்காரு" என்றாள். குடி என்று சொன்ன எட்டுப் பேரும் தலையாட்டினார்கள், ஏதோ அவர்களே கண்டுபிடித்த மாதிரி.

அவர் கண் பாதி திறந்திருந்தது. வாய் மட்டும் "தம்பி... தம்பி..." என்று முனகிக்கொண்டிருந்தது. கீழே விழுந்திருந்த அவருடைய பட்டன் போனை வள்ளிமயில் எடுத்துக் கொடுத்தாள். டெல்வின் அதில் 'தம்பி' என்ற பேரைத் தேடிப் பிடித்துப் போட்டான். உடம்புக்கு முடியாதவன் தம்பி என்று முனகினால் தம்பியைக் கூப்பிடத்தானே வேண்டும்? இந்தச் சீமையில் வேறு யாரும் வேறு விதமாகச் செய்திருக்கமாட்டார்கள். மறுமுனையில், "எங்க அண்ணனா? எந்த எடத்துல? இந்தா வாரேன்" என்ற குரல் முடியும்போதே பைக் உதைக்கிற சத்தம் கேட்டது.

ஸ்ட்ரெச்சரை பெஞ்சுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்கள். தூக்குவதற்கு முன்னால் சபிதா வழக்கம்போல உள்ளங்கையை விரித்துப் பின்கழுத்தில் வைத்துக் கீழே இறக்கினாள். சட்டைக்கு உள்ளே, முதுகெலும்பின் மேல், இன்னொரு எலும்பு மாதிரி ஒன்று நீளமாகத் தட்டுப்பட்டது. துண்டு சுற்றியிருந்தது. இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வளைந்தது.

கையை வெடுக்கென்று எடுக்கவில்லை. மெதுவாக எடுத்தாள். முகத்தை மாற்றிக்கொள்ளாமல், "டெல்வின், வண்டில டீசல் இருக்கான்னு பாருங்க" என்றாள்.

அது அவர்களுக்குள் பேசி வைத்த வார்த்தை. டெல்வினுக்கு இருந்த சிரிப்பெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. பேசாமல் வண்டிக்குப் போய்க் கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லி, போலீசுக்குத் தகவல் கொடுக்கச் சொன்னான். திரும்பி வந்து, "காத்து வரட்டும், எல்லாரும் ரோட்டுக்கு அந்தப்பக்கம் போங்க" என்று கூட்டத்தைத் தள்ளினான். வள்ளிமயில் மட்டும் நகரவில்லை.

"ஆருக்குத் தாயி போன் போட்டிய? தம்பிக்கா?"

"ஆமா."

"கெடுத்திய போங்க. அவிய ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே கெடையாது. உழவு டிராக்டர்காரன் ஒரு சால் தள்ளி உழுது வரப்பு போச்சுல்லா, அதுல ஆரம்பிச்சது. இவரு நல்லக்கண்ணு, தம்பி ஆறுமுகசாமி. இந்த விலக்குல பஸ் மாறித்தான் தம்பி ஊருக்குப் போகணும்."

சபிதாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அரிவாள் யாரைத் தேடிக் கிளம்பியதோ, அந்த ஆளையே போன் போட்டு வரவழைத்திருக்கிறார்கள்.

பயம் வந்தது. வீட்டில் ஒன்றாம் வகுப்புப் படிக்கிற மகள் அஞ்சலின் முகம் ஒருதரம் வந்து போனது. ஆயுதம் இருந்தால் விலகி நில், போலீஸ் வரட்டும் என்பதுதான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். நியாயமான பாடம்தான். ஆனால் போலீஸ் வருகிறவரைக்கும் முப்பத்தெட்டு முப்பத்தெட்டாகவே நிற்குமா? மூளை தாங்காது, ஆளே போய்விடுவார். சர்க்கரைத் தண்ணீரை நரம்பில் ஏற்றலாம், ஐந்து நிமிஷத்தில் எழுந்து உட்காருவார். எழுந்து உட்காருகிற நேரத்துக்குத் தம்பியும் வந்து எதிரே நிற்பான். முதுகில் அரிவாள் இருக்கும், கையில் பலமும் வந்திருக்கும். ஆக, அரிவாள் முதலில் வெளியே வந்தாக வேண்டும். ஊசி அதற்குப் பிறகுதான்.

எடுக்க விட்டால்தானே. அவருடைய வலது கை காலர் பட்டனை இறுக்கிப் பிடித்திருந்தது. மயக்கத்திலும் அந்தப் பிடி தளரவில்லை. சபிதா லேசாக விரலைத் தொட்டதும், "தொடாத" என்று உறுமி, இடது கையை வீசினார். மயிரிழையில் தப்பித்தாள்.

வலுக்கட்டாயமாக எடுப்பது ஆபத்து. அவளுக்கும் வெட்டுப்படும், அவருக்கும் வெட்டுப்படும். அவளும் டெல்வினுமாக அவரை ஒருக்களித்த வாக்கிலேயே ஸ்ட்ரெச்சருக்கு மாற்றினார்கள். முகம் பக்கவாட்டுக் கம்பியைப் பார்த்திருந்தது. வண்டிக்குள் ஏற்றவில்லை. அரிவாளோடு ஒருத்தரை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிக்கொள்ள அவளுக்கு என்ன பைத்தியமா? அவருக்குப் பின்புறமாகப் போய் நின்று, துணி வெட்டுகிற கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள். அந்தக் கை காலரை விட வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

அப்போது விலக்கில் ஒரு மினிபஸ் வந்து நின்று, ஆளை இறக்கிவிட்டு, கண்டக்டர் விசில் அடித்ததும் ஒரு குலுங்கு குலுங்கிக் கிளம்பியது. உள்ளே நின்றவர்கள் கை எல்லாம் ஒரே நேரத்தில் மேல் கம்பிக்குப் போனது. சபிதா அதைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து இந்த ரோட்டில் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வந்த உடம்பு இவருடைய உடம்பும்.

"டெல்வின், ஸ்ட்ரெச்சர ஒரு வெட்டு வெட்டி இழுங்க" என்றாள். பிறகு அவர் காதருகே குனிந்து, கண்டக்டர் மாதிரியே அதட்டினாள். "அண்ணாச்சி, வண்டி எடுக்குது. கம்பியப் பிடிங்க. ரெண்டு கையும். பிடிங்க பிடிங்க, ரைட்."

டெல்வின் இழுத்தான். சரளைக்கல்லில் சக்கரம் ஏறி ஸ்ட்ரெச்சர் குலுங்கியது. நல்லக்கண்ணுவின் இரண்டு கையும் தாவி முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டன. மூளை எங்கேயோ கிடந்தது, கைக்கு மட்டும் பஸ் ஞாபகம் இருந்தது.

"விடாதிய, முன்னால வளைவு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே சட்டையைக் கீழிருந்து மேலாக ஒரே கத்தரிப்பில் கிழித்தாள். இடுப்பில் ஒரு கயிறு, அதையும் வெட்டினாள். துண்டோடு சேர்த்துப் பிடியைப் பற்றி உருவினாள். புதுசாகச் சாணை பிடித்த அரிவாள். துண்டை விலக்கிப் பார்க்கக்கூட இல்லை, அப்படியே டெல்வின் நீட்டிய மூடிபோட்ட பெட்டியில் வைத்தாள். அவன் அதை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கட்டிப் பூட்டிவிட்டு வந்தான். அதற்கப்புறம்தான் சபிதா மூச்சு விட்டாள். அவர் கையில் ஊசி ஏற்றினாள், மருந்து போகத் தொடங்கியது. கர்த்தரே, உமக்குக் கோடி ஸ்தோத்திரம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

வண்டிக்குள் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் நல்லக்கண்ணு கண் திறந்தார். யார், எந்த ஊர் என்று கேட்டதற்குச் சரியாகப் பதில் சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை மெதுவாகப் பின்கழுத்துக்குப் போனது. வெறும் தோலைத்தான் தொட்டது. முகம் வெளுத்துவிட்டது.

"எங்க தாயி?"

"எடுத்து வச்சாச்சு அண்ணாச்சி. ஆஸ்பத்திரிக்குப் போனதும் போலீஸ்ட்ட குடுக்கணும். அதுல நான் ஒண்ணும் செய்ய முடியாது."

அவர் வாய் திறப்பதற்குள் பைக் வந்து நின்றது. ஸ்டாண்டுகூடப் போடாமல் கீழே சாய்த்துவிட்டு ஒருவர் ஓடி வந்தார். இடுப்பில் கட்டம்போட்ட சாரம், மேலே பனியன், முழங்கால்வரை கரிசல் புழுதி. காலில் செருப்பு இல்லை. வயலில் நின்றபடியே கிளம்பியிருக்கிறார். "எண்ணே" என்று வண்டியில் ஏறப் போனவரை சபிதா கைநீட்டித் தடுத்தாள்.

"அங்கனயே நில்லுங்க. பனியனத் தூக்கிட்டு ஒரு சுத்து சுத்துங்க."

"என்னம்மா சொல்லுதீய? அண்ணனப் பாக்க வந்திருக்கேன்."

"பாக்கலாம். மொதல்ல சுத்துங்க."

ஒருத்தன் கொண்டுவந்திருந்தால் இன்னொருத்தனும் கொண்டுவந்திருக்கமாட்டானா? ஆறுமுகசாமிக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் ஆஸ்பத்திரி விவகாரத்தில் என்ன சொன்னாலும் செய்து தொலைக்க வேண்டும்போல என்று நினைத்திருப்பார். நடுரோட்டில், அத்தனை பேர் பார்க்க, பனியனைத் தூக்கிக்கொண்டு சாமி சுற்றுகிற மாதிரி ஒரு சுற்றுச் சுற்றினார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் சிரித்தார்கள். வியர்வையும் புழுதியும் படிந்த முதுகு. ஒன்றுமே இல்லை.

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த நல்லக்கண்ணு அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உதடு கோணியது. அழத் தொடங்கிவிட்டார்.

"அவன்ட்ட ஒண்ணும் இருக்காது தாயி. நாந்தான் கொண்டாந்தேன்" என்றார். பிறகு தம்பியைப் பார்த்து, "உன்ன வெட்டத்தாம்லே கிளம்பினேன்" என்றார்.

டெல்வின் நைசாக வந்து ஆறுமுகசாமிக்கும் கதவுக்கும் நடுவே நின்றுகொண்டான். ஆறுமுகசாமி பனியனைக் கீழே இறக்கிவிட்டார். அண்ணனுடைய கிழிந்த சட்டையைப் பார்த்தார். கையில் ஏறிக்கொண்டிருந்த மருந்தைப் பார்த்தார். "சாப்பிடாம சுகர் எறங்கி மயங்கிட்டாரு" என்றான் டெல்வின்.

"நீ சாப்பிட்டுட்டுக் கிளம்பியிருந்தா இந்நேரம் வெட்டியிருப்ப" என்றார் ஆறுமுகசாமி.

"ஆமால."

"வரப்பு மேல அம்புட்டுக் கோவமா?"

"கோவத்துலதாம்லே கஞ்சியக்கூடக் குடிக்கல."

ஆறுமுகசாமிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கப் போய் அழுதார். அழுகையை அடக்கப் போய் மறுபடி சிரித்தார். "வரப்ப நீயே போட்டுக்கோ. எங்கன போடணுமோ அங்கன போடு. என்னயும் ஏத்துவீகளா அம்மா?" என்று சபிதாவிடம் கேட்டார்.

சபிதா ஒரு நொடி யோசித்தாள். "கால்மாட்டுல உக்காருங்க. சண்டை போட்டிய, நடுவழியில எறக்கி விட்டுருவேன்" என்றாள். அவர் ஏறி உட்கார்ந்தார். நல்லக்கண்ணு தலையைத் திருப்பி, "அது போலீஸ்ட்டயே போகட்டும் தாயி. என்ன கேஸோ போடட்டும், போய்த் தொலையட்டும். அப்பாடா" என்றார். அந்த அப்பாடாவில் அவருடைய உடம்பே இளகிவிட்டது.

போலீசை ஆஸ்பத்திரிக்கே வரச் சொல்லிவிட்டு டெல்வின் வண்டியைக் கிளப்பியபோது, அவனிடம் இருந்த நல்லக்கண்ணுவின் பட்டன் போன் அடித்தது. பின்னால் நீட்டினான். ஆறுமுகசாமி வாங்கி, "மதினி" என்றார்.

மறுமுனையில் அண்ணன் மனைவி வெயிலுகந்தம்மாள் அழுதுகொண்டிருந்தாள். வைத்த கஞ்சி வைத்தபடி இருந்ததையும், கூரை எரவாணத்தில் செருகியிருந்த அரிவாள் இல்லாததையும் இப்போதுதான் பார்த்திருக்கிறாள். புருஷன் போனில் கொழுந்தன் குரல் கேட்டதும் அவளுக்கு வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. சபிதாவுக்கே காதில் விழுகிற மாதிரி கத்தினாள்.

"தம்பி, ரெண்டு பேரும் இருக்கியளா?"

ஆறுமுகசாமி ஒரு கையால் அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கோம் மதினி. ரெண்டு பேருமே இருக்கோம்" என்றார்.