உயிரோடிருக்கும் இன்பமேரியின் கல்லறை

குமுளிக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் குடியிருக்கும் இன்பமேரி ஒரு பகல் முழுக்கச் செத்துக் கிடந்தாள். சினிமாவுக்காகத்தான். ஆனால் அந்தச் சாவு அவள் வீட்டைப் படுத்திய பாடு இருக்கிறதே, எங்கள் பக்கத்தில் நிஜமாகச் செத்தவர்கள்கூட அவ்வளவு படுத்தியதில்லை.

படம் எடுக்க வந்தவர் கொச்சிக்கார டைரக்டர் ரிஜின். செத்துப்போன மனைவியை மறக்க முடியாத ஒருவன் அவள் ஆவியோடு குடித்தனம் நடத்துகிறான், அவ்வளவுதான் கதை. மிச்சமெல்லாம் கனவாம். எதிரே வருகிற ஆள் தெரியாத அளவுக்குப் பனி இறங்குகிற ஊருக்கு மனுஷன் புகை கக்கும் இயந்திரத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பனி சொன்ன பேச்சு கேட்காதாம். கதாநாயகியும் கேட்கவில்லை, கல்யாணம் நிச்சயமாகியிருக்கிற நேரத்தில் சவப்பெட்டியில் படுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவள் சாயலில் ஆள் தேடியபோது, காய் எடுத்துக்கொண்டிருந்த இன்பமேரி அகப்பட்டாள்.

"ஒண்ணும் செய்யண்டா சேச்சி. மரிச்சு கிடந்தா மதி" என்றார் ரிஜின்.

ஒன்றும் செய்யாமல் படுத்துக் கிட என்று அதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை. உடனே ஒப்புக்கொண்டாள்.

பெட்டியைச் சுற்றி நின்று அழ லயத்து ஆட்களையே நிறுத்தினார்கள். முன்னால் நின்றவன் அவள் புருஷன் ஆசீர்வாதம். வெள்ளைச் சேலையும் ரோஜாப்பூவும் கன்னத்தில் பவுடருமாகக் கிடந்தவளைப் பார்த்ததும் அவன் உடைந்தே போனான். 'கட்' சொல்லியும் அழுகை நிற்கவில்லை. பக்கத்து வீட்டு ஜிஸ்மி வந்து தோளைத் தட்டினாள்.

"அண்ணே, போதும். மேரியக்கா எந்திரிச்சி டீ குடிக்கப் போயாச்சு."

படக்காரர்கள் மலையிறங்கினார்கள். ஆசீர்வாதம் அந்தத் துக்கத்திலிருந்து இறங்கவில்லை. ஜிஸ்மி போனில் பிடித்திருந்த சவப்பெட்டிப் படத்தைத் தன் போனுக்கு வாங்கிக்கொண்டு, சோற்றுத் தட்டுக்கு முன்னால் அதைச் சாய்த்து வைத்துப் பார்த்தபடியே சாப்பிட்டான்.

"மொகத்துல என்ன ஒரு சாந்தம், பாத்தியா?"

"அது நாந்தானே?"

"ஏட்டி, நீ என்னைக்கு இப்படி இருந்திருக்க?"

"சாகாம எப்படிய்யா இப்படி இருக்கிறது?"

லயமே இதைச் சொல்லிச் சிரித்தது. இன்பமேரிக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பெட்டிக்குள் அரைக்கண் திறந்து அவன் அழுததை அவள் பார்த்திருந்தாள். இந்த ஆளுக்குள் இவ்வளவு பிரியம் கிடக்கிறது என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. அதில் ஒரு கை அளவாவது, மூச்சு இருக்கும்போதே தனக்குக் கிடைக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பவுடர் போட்டு, ரோஜா சூடி, வாய் திறக்காமல் எதிரே உட்கார்ந்தும் பார்த்தாள்.

"காய்ச்சலா?" என்று கேட்டுவிட்டு அவன் போனுக்குத் திரும்பினான்.

கல்லறைத் திருநாள் வந்தது. சிமெண்ட் மாதிரி பெயின்ட் அடித்த பலகையில் படக்காரர்கள் செய்த கல்லறை, கல்லறைத் தோட்டத்து வேலியை ஒட்டி அப்படியே நின்றது. பிரிக்கச் சோம்பல்பட்டு விட்டுப் போயிருந்தார்கள். சனமெல்லாம் அவரவர் வீட்டுச் செத்தவர்களுக்கு மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருக்க, ஆசீர்வாதம் நேராக அந்தப் பலகைக் கல்லறைக்குப் போனான். செவ்வந்தி மாலை போட்டான். திரி ஏற்றினான். குமுளிக் கடையில் வாங்கிய ஜிலேபியைப் பொட்டலம் பிரித்துப் படைத்தான். தங்கள் ஆட்களுக்கு ஜெபம் சொல்ல வந்தவர்களெல்லாம் இவனைப் பார்க்கத் திரும்பி நின்றார்கள்.

இன்பமேரி வேலி தாண்டிப் போய்க் கல்லறை மேலேயே உட்கார்ந்தாள். பலகை முனகியது. மாலையை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஒரு ஜிலேபியைக் கடித்தாள்.

"ஏட்டி! அது அவளுக்கு வச்சது!"

"அவளுக்கு இனிப்பு ஆகாது" என்றாள் முகத்தைச் சுளித்து. "கல்யாணத்தன்னைக்கே லட்டத் துப்பினவ அவ. நீ பக்கத்துலதான் இருந்த."

அதற்குள் பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வேலியோரம் வந்துவிட்டார்.

"இது யாரு கல்லறை?"

ஆசீர்வாதம் ஜிலேபிப் பொட்டலத்தை அவசரமாக மூடினான்.

"என்னோடதுதான் சாமி. நல்லாத் தெளிங்க" என்றாள் இன்பமேரி.

அவர் அவனைப் பார்த்தார், மாலையோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். கேட்டால் பொழுது போய்விடும் என்று நினைத்தாரோ என்னவோ, அவள் தலையிலேயே தெளித்துவிட்டு நகர்ந்தார். முகத்தில் வழிந்த தண்ணீரோடு அவள் சிரித்தாள். ஆசீர்வாதம் வெகுநேரம் அவளையே பார்த்தான். போன் சட்டைப்பையில் கிடந்தது.

"இனிப்பு பிடிக்காதா உனக்கு?"

"பிடிக்காது."

"பெறவு என்னதாம்ட்டி பிடிக்கும்?"

"சொல்றேன். மொதல்ல எந்திரிக்கக் கை குடு. பலகை உள்ள போகுது."

எங்கள் லயத்தில் கட்டினவளின் கையைப் பலர் முன்னால் பிடிக்கிற வழக்கமில்லை. யாராவது பார்க்கிறார்களா என்று ஆசீர்வாதம் சுற்றிப் பார்த்தான். எல்லாரும் பார்த்தார்கள், தங்கள் திரி அணைந்தது தெரியாமல் பார்த்தார்கள்.

அவன் கையை நீட்டினான்.