மூக்கு ஒழுகாத தும்மல்

"மூணு நாளா தும்முறா மேடம், மூணு நாளா! ஜன்னலை அகலத் திறந்து போட்டு என் பிள்ளைக்குச் சளி பிடிக்க வெச்சுட்டு, எல்லாம் சரியா இருக்குன்னு சொல்றீங்களே, வாய் கூசலை?"

"சத்தம் போடாதீங்க. உள்ள பிள்ளைங்க தூங்குது."

"அதுங்களாவது தூங்கட்டும்! என் பொண்ணு கண்ணை மூடி எத்தனை நாளாச்சு தெரியுமா?"

காலை எட்டரை மணிக்குக் குழந்தைகள் காப்பகத்தின் வாசலில் இந்தக் கச்சேரி. எதிர் வரிசைக் கடைகளில் கதவு திறக்க வந்தவர்கள் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். கத்தியவள் மருந்துக்கடைக்காரி. தெருவார் இருமலையெல்லாம் தீர்த்து அனுப்புகிறவளுக்குச் சொந்தப் பிள்ளையின் தும்மல் அடங்கவில்லை என்றால் மானம் போகுமா, போகாதா?

ஆனால் மானத்தைவிடப் பயம்தான் அவளுக்கு அதிகம். இடுப்பில் இருந்த மகளுக்கு இரண்டேகால் வயது. கன்னத்தைப் பார்த்துத் தெரு வைத்த பெயர் உருண்டை. அந்தக் கன்னம் மூன்று நாளாக வற்றிக்கொண்டு வந்தது. சோற்றைத் தள்ளினாள், பாலைத் துப்பினாள், கதவைப் பார்த்து உட்கார்ந்து "ஆச்சு... ஆச்சு..." என்று தும்மினாள். மூக்கோ காய்ந்து கிடந்தது. இரண்டு சிரப், ஒரு சொட்டு மருந்து, எதற்கும் மசியவில்லை. தன் அலமாரியில் இல்லாத ஏதோ வியாதி என்று தாய் நடுங்கிப்போயிருந்தாள்.

எதிரே நின்ற மேலாளர் இரண்டு மாதத்துக்கு முன் வந்தவர். இந்த வாரம்தான் சுவரில் ஒரு அட்டவணையை ஒட்டினார். திங்கட்கிழமைதோறும் டீச்சர்கள் அறை மாற வேண்டும். பிள்ளைகள் ஒருவரிடமே ஒட்டிக்கொண்டால், அவர் லீவு போடும் நாளில் அழுது ஊரைக் கூட்டும் என்பது அவர் கணக்கு. கணக்கு காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது.

சத்தம் கேட்டு மாடிப்படியில் இறங்கினாள் பழைய டீச்சர். உருண்டையை ஆறு மாதக் கைக்குழந்தையிலிருந்து பார்த்துக்கொண்டவள். இந்தத் திங்கட்கிழமைதான் மாடிக்கு மாற்றப்பட்டவள். தோளில் வேறொரு குழந்தை. அதன் நழுவிய காலுறையை இழுத்துவிட்டு, பழக்கதோஷத்தில், "ஆச்சு!" என்றாள்.

உருண்டை தாயின் இடுப்பிலிருந்து துள்ளி எழுந்தாள். "ஆச்சு! ஆச்சு!"

"பாத்தீங்களா, மறுபடியும் தும்மிட்டா!" என்றாள் மருந்துக்கடைக்காரி.

"ஐயோ அக்கா, அது தும்மல் இல்ல. என்னைக் கூப்பிடுறா."

செருப்பு மாட்டிவிட்டால் ஆச்சு, மூக்குத் துடைத்தால் ஆச்சு, விழுந்து அழுது ஓய்ந்தாலும் முதுகைத் தடவி ஆச்சு. இந்த டீச்சருக்கு வேறு பேச்சே கிடையாது. அதுதான் அவள் பெயர் என்று உருண்டை முடிவு கட்டியிருந்தாள்.

மருந்துக்கடைக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். ஏக்கத்துக்குப் போய் வேளா வேளைக்கு சிரப் ஊற்றியிருக்கிறாளே! அப்புறம் மேலாளர் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது.

"மருந்தை மாத்துறதுக்கே நாங்க யோசிப்போம் மேடம். நீங்க வாரா வாரம் ஆளையே மாத்துவேங்கறீங்களே."

"எல்லார்கிட்டயும் பழகணும் இல்லையா?"

"பழகுவா மேடம்," என்றாள் டீச்சர். "நடக்க ஆரம்பிச்சும் மூணு மாசம் என் காலைக் கட்டிக்கிட்டே நின்னா. அதுக்கப்புறம்தான் நம்ம சமையல்காரர்கிட்ட தானா போனா. இப்ப அவர்கிட்டயும் போறதில்ல, யாரையும் நம்புறதில்ல."

டீச்சர் தோளிலிருந்த குழந்தையை மேலாளரிடமே கொடுத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். உருண்டை அவள் மடியில் ஏறி, பாதி வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு, அங்கேயே கண்ணயர்ந்தாள்.

"சரி, இன்னிக்கு மட்டும் கீழ இருங்க," என்றார் மேலாளர். அந்த 'இன்னிக்கு மட்டும்' வெள்ளிக்கிழமை வரை நீண்டது. அடுத்த திங்கட்கிழமை அட்டவணையே சுவரில் இல்லை. ஒரு பிள்ளைக்கு ஒரு டீச்சர் என்பது தன் யோசனைதான் என்று இன்றுவரை அவர் சொல்லிக்கொள்வதாகக் கேள்வி. சொல்லிக்கொள்ளட்டும். இப்போது வேறு ஊரில் பெரிய காப்பகத்தைப் பார்த்துக்கொள்கிறார்.

அடுத்த வருடம் டீச்சருக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வெளியூரில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். தாலி ஏறியும் ஒரு மாதம் அவள் கிளம்பவில்லை. மாப்பிள்ளை தானே பொங்கித் தின்றார் என்று தெரு சிரித்தது. அந்த ஒரு மாதமும் புது டீச்சரோடு அதே அறையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் பஸ் ஏறிய அன்று உருண்டை ஓவென்று அழுதாள், புது டீச்சரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு.