மைக்கில் விட்டுப்போன பெயர்

என் மகள் பெற்றீசியாவின் கலியாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஒரு தொல்லையும் தரவில்லை. தங்கமான மனிதர்கள். தொல்லையெல்லாம் என் வீட்டுக்காரராலும் என் கூடப்பிறந்த அண்ணனாலும்தான் வந்தது. இருவருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. ஆனால் இருவரும் ‘பச்சைமலை பாய்ஸ்’ பாட்டுக் கோஷ்டி. அந்தப் பெயருக்கு வயதே ஏறாது போலிருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் உடப்புசல்லாவையிலிருந்து மஸ்கெலியா வரைக்கும் அந்தப் பெயர் தெரியாத தேயிலைத் தோட்டம் கிடையாது. ஊரெல்லாம் பொப் பாட்டுப் பைத்தியம் பிடித்திருந்த காலம் அது. என் வீட்டுக்காரர் இராயப்பன் பாட்டு. என் அண்ணன் லோரன்ஸ் கிட்டார். தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் அமிர்தநாதன் டிரம்ஸ். தேயிலை பெக்டரியில் வேலை செய்த செல்லசாமி அக்கோடியன். நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளில் கரண்ட் இல்லை. என் வீட்டுக்காரர் ஓட்டிய தோட்டத்து லொறியின் பேட்டரியைக் கழற்றி வைத்துத்தான் மைக் பேசும். கச்சேரி முடியும்போது பேட்டரி செத்துக் கிடக்கும். லொறியைத் தள்ளிக்கொண்டு போவார்கள், தள்ளும்போதும் பாடுவார்கள். அந்தக் கூத்தைப் பார்த்துச் சிரித்தே என் இளமை போனது. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

எல்லாம் மஸ்கெலியாவில் முடிந்தது. கடைசிப் பாட்டுக்கு முன்னால், வாசிக்கிறவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கைதட்டு வாங்கித் தருவது பாட்டுக்காரரின் வேலை. அன்றைக்கு இவர் டிரம்ஸைச் சொன்னார். அக்கோடியனைச் சொன்னார். பந்தல் போட்டவரைச் சொன்னார். பிளேன்டீ ஊற்றித் தந்த பேச்சியம்மாவைக்கூடச் சொன்னார். கிட்டாரைச் சொல்லவில்லை. அண்ணன் பாட்டின் நடுவிலேயே வயரைப் பிடுங்கினார், கிட்டாரை முதுகில் மாட்டினார், கொட்டும் மழையில் ஹட்டன் ரோட்டில் நடக்கத் தொடங்கினார். போனவர் போனவர்தான். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வெள்ளைக்காரர்களுக்கு வாசிக்கப் போய்விட்டார்.

“மறந்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்களேன்” என்று அன்றைக்கே கேட்டேன்.

“மறக்கலடி. அவன் என் மச்சான். நம்ம வீட்டு ஆளுக்கு எதுக்கு அறிமுகம்?” என்றார் இவர். இந்த மனிதரை என்ன செய்வது?

பத்து வருஷம் ஓடியது. பெற்றீசியாவுக்குக் கலியாணம் நிச்சயமானது. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மாலை போட்ட பிறகுதான் பெண் கோயிலுக்குக் கிளம்புவாள். எனக்கு அப்பா அம்மா இல்லை. பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது லோரன்ஸ் அண்ணன் மட்டும்தான். அவர் வராவிட்டால் பந்தலில் நான் அநாதையாகத்தான் நிற்பேன். இதைச் சொல்லி நான் அழுதேன். அதைப் பார்த்த அமிர்தநாதன் வாத்தியார் அன்றைக்கே நுவரெலியாவுக்குப் பஸ் ஏறினார். அந்த வளைவு ரோட்டில் வாந்தி எடுத்துக்கொண்டே போய் வந்தார். ஒரு தடவை இல்லை, பல தடவை. ஒவ்வொரு தடவையும் அண்ணன் அவருக்கு நல்ல சாப்பாடு போட்டு, பை நிறைய லீக்ஸும் கரட்டும் கொடுத்து அனுப்பினார். பதில் மட்டும் கொடுக்கவில்லை.

கடைசியில் நாங்களே வெற்றிலைத் தட்டோடு போனோம். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போய் வெற்றிலை வைத்தால்தான் அது அழைப்பு. தட்டைச் சுமந்து வந்தவரும் வாத்தியார்தான். அண்ணன் வாசலிலேயே நின்றார். இவரும் வாசலிலேயே நின்றார். இரண்டு பேருக்கும் நடுவில் கைநீட்டும் தூரம்தான்.

“சிசிலி, மாலை போட நான் வருவேன். பெற்றீசியா என் புள்ள. ஆனா கிட்டாரத் தொடமாட்டேன்னு ஒன் வீட்டுக்காரர்ட்ட சொல்லு.”

“சிசிலி, கிட்டார் இல்லாம நான் பாடமாட்டேன்னு ஒன் அண்ணன்ட்ட சொல்லு.”

“பேரச் சொல்லாத வாய்க்கு நான் ஏன் கம்பி தட்டணும்னு கேளு.”

“சொன்னா தட்டுவானான்னு கேளு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நான் என்ன போஸ்ட் ஆபீஸா? ரெண்டு பேருக்கும் காது இருக்குல்ல!” என்று கத்தினேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. வாத்தியார் தட்டை மெதுவாக அண்ணன் கையில் வைத்து, “சொல்லுவாருங்க, மொதப் பேரா சொல்லுவாரு. நான் பொறுப்பு” என்றார். அண்ணன் வெற்றிலையை எடுத்துக்கொண்டார். ‘மச்சான்’ என்ற சொல் மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

அதற்குப் பிறகு இவர் படுத்திய பாடு! குளிக்கும்போதும் சவரம் செய்யும்போதும் ஒரே ஒத்திகை. “கிட்டார்... லோரன்ஸ்! இல்ல, கிட்டார் சக்கரவர்த்தி லோரன்ஸ்!” பெற்றீசியா விழுந்து விழுந்து சிரித்தாள்.

கலியாணத்தன்று காலையில் அண்ணன் வந்து மாலை போட்டார். குழந்தையிலிருந்து தான் தூக்கி வளர்த்த பெண் அல்லவா, மாலையைச் சரிசெய்வதுபோல அவள் தலையைத் தடவிக்கொண்டே நின்றார். நான் வாய்விட்டே அழுதேன். எனக்கு அதுவே போதும் என்றிருந்தது.

கோயிலில் கலியாணப் பூசை முடிந்து, பள்ளிக்கூட மண்டபத்தில் பந்தி. ஒரு மூலையில் பச்சைமலை பாய்ஸ். நாலு பேருக்கும் வயிறு முன்னால் வந்திருந்தது. கச்சேரிக்குப் போடும் பழைய சிவப்புச் சட்டையில் பொத்தான் பூட்ட முடிந்தது செல்லசாமிக்கு மட்டும்தான். இவர் முதல் பாட்டை எடுத்தார். பழைய உயரத்துக்குக் குரல் ஏறவில்லை. இருமி நிறுத்தினார், முகம் செத்துப்போனது. அண்ணன் குனிந்து ஆணிகளைத் திருகி ஒவ்வொரு கம்பியாகச் சுருதியை இறக்கினார், பிறகு தலையை ஆட்டினார். இவர் மறுபடியும் எடுத்தார். குரல் சுகமாய் உட்கார்ந்தது. கிழவிகள்கூட எழுந்து ஆடினார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் குதித்தார்.

கடைசிப் பாட்டு வந்தது. இவர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்தார். “கிட்டார்! சக்கரவர்த்தி! நுவரெலியாவே கொண்டாடுற கலைஞன்! பொண்ணோட தாய்மாமன்! லோரன்ஸ்!” மண்டபம் அதிர்ந்தது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார், காது மட்டும் சிவந்திருந்தது. “அக்கோடியன், செல்லசாமி!” அதற்கும் கைதட்டு. “இப்ப கடைசிப் பாட்டு!” என்றார் இவர்.

பாட்டு தொடங்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். அமிர்தநாதன் வாத்தியார் இரண்டு குச்சியையும் டிரம் மேல் வைத்துவிட்டு, கைகட்டி உட்கார்ந்திருந்தார். பஸ் பஸ்ஸாய் ஏறி வாந்தி எடுத்த மனிதர்!

இன்னொரு பத்து வருஷத்தை என்னால் தாங்க முடியாது. பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய் இவர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினேன்.

“டிரம்ஸ், அமிர்தநாதன் வாத்தியாரு! இவரு மட்டும் அலையலேன்னா இன்னைக்கு இங்க பாட்டும் இல்ல, கூத்தும் இல்ல. நல்லாக் கைதட்டுங்க!” தட்டினார்கள், கூரைத் தகரம் கிடுகிடுத்தது. வாத்தியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு குச்சியை எடுத்தார். “அக்கோடியன், செல்லசாமி அண்ணே! கிட்டார், என் கூடப்பொறந்த லோரன்ஸ் அண்ணே! அவ்வளவுதான், பாடுங்க.”

மைக்கை நீட்டினேன். இவர் வாங்கவில்லை. “என் பேரு?” என்றார்.

“நம்ம வீட்டு ஆளுக்கு எதுக்குங்க அறிமுகம்?”

மைக்கில்தான் கேட்டேன். மண்டபமே வெடித்துச் சிரித்தது. இவர் மட்டும் சிரிக்கவில்லை. பெயர் சொல்லப்படாமல் அத்தனை பேருக்கு நடுவில் நிற்பது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. மெல்லத் திரும்பி அண்ணனைப் பார்த்தார்.

அண்ணன் கிட்டாரோடு நடந்து வந்து, என் கையிலிருந்த மைக்குக்குக் குனிந்தார்.

“பாட்டு, எங்க மச்சான் இராயப்பன்.”

இவர் மைக்கை வாங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு வாயைத் திறந்தார். பாட்டின் முதல் அடியே மறந்துவிட்டது. கிட்டார் அந்த அடியை வாசித்துவிட்டு நின்றது. அவர் இன்னும் விழித்துக்கொண்டிருந்தார். அண்ணன் சிரித்துக்கொண்டே மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார்.