ஓபல் வாய் திறந்தாள்

வெண்டலுக்கு டாரெலைப் பிடிக்காமல் போனதற்கு, தன்னை விட்டுப் போன பெண்டாட்டியை அவன் கட்டிக்கொண்டது காரணம் இல்லை. லோர்னா விஷயத்தை அவர் எப்போதோ கைகழுவிவிட்டார். காரணம் அந்த விசில்.

காலையும் மாலையும் டாரெல் ஒரு சின்னப் புட்டியைத் திறப்பான். ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாயில் எண்ணெயை ஏற்றிக்கொண்டு குருவி மாதிரி விசில் அடிப்பான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் ஓபல் உடனே குஞ்சு மாதிரி வாயைப் பிளப்பாள். ஆறு வயசு, வலிப்பு நோய். வெண்டலின் ஒரே மகள். மூளையின் ஓட்டத்தைப் பதிவு செய்யத் தலை முழுக்க ஒயர் ஒட்டி, மேலே வெள்ளைத்துணி சுற்றியிருந்தார்கள். அப்பா கஞ்சியை நீட்டினால் உதட்டை இறுக்கிக்கொள்கிறவள் அவனுக்கு மட்டும் வாயைத் திறந்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் வெண்டலுக்கு அடிவயிற்றில் எரிந்தது.

அதிலும் அந்த எண்ணெய் எதிலிருந்து வந்தது? கஞ்சாச் செடியிலிருந்து. போதை ஏற்றாத ஜாதி, ஹெம்ப் என்று நாகரிகமாகச் சொல்லிக்கொண்டார்கள். கொலராடோவின் கிழக்குச் சமவெளியில் கோதுமை போட்டவர் வெண்டல். இளவயசில் வாய்க்கால் ஓரமெல்லாம் அந்தச் சனியனை வேரோடு பிடுங்கி எரித்துக் கை காய்த்தவர். அவர் எரித்த களையை இன்னொருத்தன் புட்டியில் அடைத்துக் கொண்டுவந்து அவர் மகளையே மயக்கிவிட்டான். வலிப்பு குறைந்தது உண்மை. ஒரு நாளைக்கு எத்தனை என்று கணக்கில்லாமல் வந்துகொண்டிருந்தது, இப்போது வாரத்துக்கு ஒன்று இரண்டோடு நின்றது. அந்த உண்மைதான் அவரை இன்னும் எரித்தது. ஏன், அது நம் கையால் குறைந்திருக்கக் கூடாதா?

ஆஸ்பத்திரிக்கு ஒரு விதி. அந்த எண்ணெய் ஆஸ்பத்திரி மருந்து இல்லை, குடும்பம் கொண்டுவந்தது. அதனால் நர்ஸ் தொட மாட்டாள். ஒரே ஒருவர் பெயரைப் பதிந்துகொள்வார்கள், அவர்தான் கொடுக்க வேண்டும். மற்ற நேரம் புட்டி அறையிலுள்ள சின்ன இரும்புப் பெட்டியில் பூட்டிக் கிடக்கும். லோர்னா டாரெல் பெயரைக் கொடுத்துவிட்டாள். சாவி அவன் இடுப்பில் தொங்கியது.

"பெத்தவன் நான் இருக்கேன், சாவி அவன்கிட்டயா?" என்று வெண்டல் கேட்டுப் பார்த்தார்.

"நீங்கதானே அதை விஷம்னீங்க" என்றாள் லோர்னா. அதோடு பேச்சு முடிந்தது. அவள் பேக்கரி வேலைக்குப் போட்ட லீவு முடிந்து ஊரான பியூப்லோவுக்குத் திரும்பிவிட்டாள்.

மறுநாள் டாரெலும் வீட்டில் விட்டுவந்த நாய்களைப் பார்த்துவிட்டு விடியற்காலையில் வந்துவிடுகிறேன் என்று கிளம்பினான். வெண்டல் அறை சோபாவில் படுத்துக்கொண்டார். விடிந்தபோது ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை, ஒரே பனி. போன் வந்தது.

"மானுமென்ட் மேட்டுல மாட்டிக்கிட்டேன் பெரியவரே. ரோட்டை அடைச்சுட்டாங்க. முன்னாடி ஒரு லாரி குறுக்கால கெடக்கு."

"பறந்து வா தம்பி. நீதான் குருவியாச்சே."

"காலங்காத்தால ஆரம்பிக்காதீங்க. போனை நர்ஸ்கிட்ட குடுங்க."

நர்ஸ் மாரிசோல் பேசிவிட்டு வந்தாள். "டாக்டர்கிட்டயும் கேட்டுட்டேன். கொஞ்சம் தாமதமானா ஒண்ணும் ஆகாதாம். டாரெல் வர்ற வரைக்கும் பொறுங்க."

"அவன் வரலைன்னா?"

"வருவார். நீங்க ஒண்ணும் பண்ணாம இருங்க, அதுவே பெரிய உதவி." சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

வெண்டல் கதவைப் பார்த்தார். பிறகு கோட்டுப் பையில் கை விட்டார். ஊரிலிருந்து வரும் வழியில் லைமன் என்ற ஊர்க் கடையில் வாங்கிய புட்டி அங்கே இருந்தது. டாரெல் வைத்திருப்பதைப்போலப் பத்து மடங்கு பெரிசு. சமையல் சாமான் வரிசையில் இருந்ததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போதுதான் அது எல்லா இடத்திலும் விற்கிறதே. சின்ன எழுத்தைப் படிக்கக் கண்ணாடி வேண்டும். மேலே ஏழு விரல் விரித்த அந்த இலைப் படம் இருந்தது, அவருக்கு அது போதும். அந்த இலையை அவரைவிட யாருக்குத் தெரியும்?

"ஓபல், வாயைத் திற கண்ணு."

"டாரெல் வரட்டும்."

"டாரெல் பனியில கெடக்கான். இது அப்பாவோட மருந்து."

"விசில் அடி."

அவருக்கு விசில் வராது. முன்பல் இரண்டும் கட்டுப்பல். ஊதிப் பார்த்தார், எச்சில்தான் தெறித்தது. ஓபல் அவரையே பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, தானாக வாயைத் திறந்தாள்.

அவன் சொட்டுக் கணக்கில் கொடுத்தால் இவர் கரண்டிக் கணக்கில் கொடுத்தார். இரண்டு பிளாஸ்டிக் கரண்டி நிறைய, பச்சை நிற எண்ணெய். ஓபல் முகம் கோணியது, கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் துப்பவில்லை. முழுங்கினாள்.

"புல்லு மாதிரி இருக்குப்பா."

"செடின்னா அப்படித்தான்" என்றார் வெண்டல். நெஞ்சு அப்படி நிமிர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

டாரெல் வந்து சேர்ந்தபோது அவன் தொப்பியில் பனி அப்பியிருந்தது. நேராக உள்ளே வந்தான். கையைக் கழுவினான், பெட்டியைத் திறந்தான், குழாயில் எண்ணெயை ஏற்றினான். விசில் அடித்தான். ஓபல் வாயைத் திறந்தாள்.

அப்போதுதான் வெண்டலுக்கு உறைத்தது. ஏற்கெனவே இரண்டு கரண்டி உள்ளே போயிருக்கிறது. இப்போது இதுவும் சேர்ந்தால்? சொன்னால் மானம் போகும். இவன் முன்னாலேயா? லோர்னா காதுக்குப் போகும், இனிமேல் அறைக்குள் விடுவார்களோ மாட்டார்களோ. சொல்லாவிட்டால்...

குழாய் உதட்டுக்கு வந்துவிட்டது.

"நிறுத்துடா!" வெண்டல் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "நான் குடுத்துட்டேன். ரெண்டு கரண்டி."

டாரெல் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது. "எதை? எதைக் குடுத்தீங்க?" மணியை அமுக்கினான். மாரிசோல் ஓடிவந்தாள். வெண்டல் கோட்டுப் பையிலிருந்து புட்டியை எடுத்து நீட்டினார்.

மாரிசோல் திருப்பித் திருப்பிப் படித்தாள். உதட்டைக் கடித்தாள். கடைசியில் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

"ஐயா, இது சாலட்ல ஊத்தற எண்ணெய். விதையை ஆட்டி எடுத்தது. மருந்து இருக்கறது பூவுல. விதையில ஒண்ணும் கெடையாது. மிஞ்சிப்போனா வயித்தால போகும்."

டாரெல் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். செத்துப் பிழைத்த மாதிரி இருந்தது வெண்டலுக்கும். ஆனால் அந்தச் சிரிப்பு அவரைக் கன்னத்தில் அறைந்தது. வாழ்நாளெல்லாம் அந்தச் செடியைப் பிடுங்கினவருக்கு அதில் எது மருந்து என்று தெரியவில்லை.

டாக்டர் வந்து பார்த்து, வழக்கமானதைக் கொடுக்கலாம் என்றார். டாரெல் கொடுத்தான். டாக்டர் வெண்டலிடம் சிரிக்கவில்லை. இனிமேல் வேறு யாராவது கூட இருந்தால்தான் பிள்ளையோடு உட்காரலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெண்டல் புட்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டு, வெளியே நடையில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் டாரெல் இரண்டு காப்பியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். திட்டப் போகிறான் என்று அவர் முதுகை விறைத்துக்கொண்டார்.

"எப்படி முழுங்க வச்சீங்க?"

"என்ன?"

"உங்க எண்ணெயை நான் ஒரு சொட்டு நாக்குல பூசிப் பாத்தேன். வாந்தி வருது. ரெண்டு கரண்டியை எப்படி முழுங்கினா?" காப்பியையே பார்த்துக்கொண்டு பேசினான். "என்னோடதுல புதினா வாசனை போட்டிருக்கு. அதுக்கே விசில், குரங்குச் சேட்டை, கதைன்னு நான் சாகணும். ஒருநாள் விசில் மறந்தா மூஞ்சில துப்பிடுவா. உங்களுக்கு விசில் அடிக்கக்கூடத் தெரியாது."

வெண்டல் காப்பியை ஒரு வாய் குடித்தார்.

"கேட்டேன் அவளை. 'அப்பா குடுத்தது, அதான்'ங்கறா." டாரெல் காப்பியைக் கீழே வைத்தான். "ராத்திரி பகலா நான் பாக்கறேன். என்னை டாரெல்னுதான் கூப்பிடுறா. தெரியுமில்ல?"

வெண்டல் முதல்முறையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தார். அடிவயிற்றில் தனக்கு எரிந்த அதே நெருப்பு இவன் கண்ணில் எரிந்தது. பாவம் என்று சொல்லியிருக்கலாம். நன்றி என்றுகூடச் சொல்லியிருக்கலாம், சொல்ல வேண்டியவர்தான்.

"காப்பியில சக்கரை பத்தாது தம்பி" என்றார்.

டாரெல் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து சர்க்கரை எடுக்கப் போனான். அவன் முதுகு திரும்பியதும் வெண்டல் அந்தப் பெரிய புட்டியை, குப்பைத்தொட்டி பக்கத்திலேயே இருந்தும், பத்திரமாகக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.